தெரியாததைத் தெரியாது என்று எழுதியவள்

எங்கள் கணினி நிலையத்தில் ஏழு பேர் வேலை பார்த்தோம். ஆறு பேர் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள், அல்லது என்னைப் போலத் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டவர்கள். ஏழாவது ஆள் ரிஸ்தானா ஸ்டோய்கோவா. அவள் வாழ்நாளில் ஒரு புரோகிராம்கூட எழுதியதில்லை. ஆனால் சிட்னிக்குத் தெற்கே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் நானூறு பேர் தினமும் அவள் எழுதியதைத்தான் படித்தார்கள். பேராசிரியர்கள் எழுதிய புத்தகங்களை நாலு பேர் படித்திருந்தால் அதிகம். இதைப் பேராசிரியர்களிடமே சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள்.

நான் நெவில் ஸ்ப்ராட். ஃபைல்களின் நகலைப் பதிந்து வைக்கும் டேப்பை மாட்டுவது, கழற்றுவது, அச்சு இயந்திரத்துக்குத் தாள் போடுவது, இவைதான் என் வேலை. எண்பத்து மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான், அதனால் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் கோபத்தோடு சொல்வேன், அவ்வளவுதான்.

ரிஸ்தானா மாசிடோனியாக்காரி, பிட்டோலாவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கப்பலில் வந்து இறங்கி, உருக்காலையின் சம்பளப் பிரிவில் அட்டையில் துளை போடக் கற்றுக்கொண்டாள். பிறகு எங்கள் நிலையத்தின் துளை அறையில் பதினோரு வருடம். பொருளாதாரத் துறையோ புவியியல் துறையோ, யார் கணக்கு எழுதித் தந்தாலும் அந்த அறையின் ஐந்து பெண்கள் தட்டித் தரும் அட்டை வழியாகத்தான் அது இயந்திரத்துக்குள் போயாக வேண்டும். அறைக் கதவைத் திறந்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு தப்புகூட இல்லாமல் தட்டுவாள்.

புது இயந்திரம் வந்தது, அதில் யூனிக்ஸ் என்கிற இயக்கமுறை வந்தது, எல்லாரும் திரை முன்னால் உட்கார்ந்து தாங்களே தட்ட ஆரம்பித்தார்கள். துளை அறையை மூடிவிட்டார்கள். மற்ற நாலு பெண்களும் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு போனார்கள். ரிஸ்தானாவால் அப்படிப் போக முடியவில்லை. உருக்காலையில் அந்த ஜனவரியில்தான் ஆட்குறைப்பு செய்திருந்தார்கள். சூளையில் இருபத்திரண்டு வருடம் வெந்த அவள் கணவன் கோலே வீட்டில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு இருந்தது ஒரே சம்பளம், இவளுடையது.

எங்கள் இயக்குநர் ஆல்வின் டீக் நல்ல மனிதர். யாரையும் நோகடிக்கப் பிடிக்காது, எதையும் முடிவு செய்யவும் பிடிக்காது. ரிஸ்தானா அவர் அறையில் போய் நின்று, "ஏதாவது வேலை குடுங்க ஆல்வின், கத்துக்கறேன்" என்று கேட்டாள். அவர் தேடிப் பிடித்து ஒரு வேலை கொடுத்தார். எங்கள் ஆட்களே எழுதிய கட்டளைகளுக்குக் கையேடு தட்டச்சு செய்ய வேண்டும். தற்காலிகம், டிசம்பரோடு முடிந்துவிடும். வேலை நன்றாக இருந்தால் நிரந்தரமாக்கச் சொல்லிப் பல்கலைக்கழகப் பணியாளர் குழுவுக்கு எழுதுவதாகவும் சொன்னார்.

யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. வாட்-இஸ் என்று தட்டிப் பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரைப் போட்டால், அது என்ன செய்யும் என்று ஒரே வரியில் பதில் வரும். இயந்திரத்தோடு வந்த கட்டளைகளுக்கெல்லாம் அந்த வரி இருந்தது. எங்கள் ஆட்கள் எழுதிக் குவித்த முந்நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்றுமே கிடையாது. கேட்டால், பொருத்தமானது எதுவும் இல்லை என்று திரை கையை விரிக்கும். அப்புறம் மக்கள் என்ன செய்வார்கள்? ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஃபைலைத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து, "நெவில், பழைய டேப் இருக்கா?" என்று இளிப்பார்கள்.

டீக் தட்டச்சு செய்யத்தான் சொன்னார். யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அல்லவா தட்டச்சு செய்வதற்கு? ரிஸ்தானா எழுதியவர்களைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கேட்பது மூன்றே கேள்வி. இதை ஓட்டினால் முன்பு இல்லாத எது வரும்? முன்பு இருந்த எது போகும்? இதை ஓட்டும்போது எங்கே நிற்க வேண்டும்? மூன்றாவது கேள்வி மற்றவர்களுக்கு வேடிக்கையாகப் படலாம். யூனிக்ஸில் வேலை செய்கிறவன் எப்போதும் ஏதாவது ஓர் இடத்தில், இயந்திரத்துக்குள் யாருடைய ஃபைல்களாவது இருக்கும் ஓர் அறையில் நின்றுகொண்டுதான் இருப்பான். ஒரே கட்டளை ஓர் அறையில் ஒன்றைச் செய்யும், இன்னோர் அறையில் வேறொன்றைச் செய்யும்.

பதிலைக் கேட்டு, மிச்சம் கிடந்த பழைய அட்டை ஒன்றின் பின்புறம் எழுதுவாள். அட்டையில் எண்பது எழுத்துக்கு இடம், திரையிலும் எண்பதுதான். அதற்குள் அடங்காவிட்டால் உனக்கே இன்னும் புரியவில்லை என்று சொல்லி எழுந்து போய்விடுவாள். இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் தன் ஃபெர்ரி கட்டளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதை இவள் 'ஃபெர்ரி - ஃபைலின் நகலை சிட்னி இயந்திரத்துக்கு அனுப்பும். அசல் இங்கேயே இருக்கும்' என்று முடித்தாள். மனிதர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நான் இதைத்தானே சொல்ல வந்தேன்" என்றார்.

அதோடு விடவில்லை. காலை பத்து மணித் தேநீருக்கு எல்லாரும் கூடும்போது, கட்டளையை எழுதியவன் அட்டையை உரக்க வாசிக்க வேண்டும். அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், பெரும்பாலும் நான், அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வரி தேறியது. தப்பாகச் சொன்னால் எழுதியவன் மறுநாள் எல்லாருக்கும் லாமிங்டன் கேக் வாங்கி வர வேண்டும். முதல் இரண்டு மாதம் தின்ற கேக்கில் எனக்கு இடுப்புப் பட்டையில் ஒரு துளை கூடிவிட்டது. அக்டோபருக்குள் முந்நூற்றுப் பதினோரு வரி தேறின. வாட்-இஸ் கேட்டுவிட்டு ஓட்டுவது ஊர்ப் பழக்கமே ஆகிவிட்டது. பழைய டேப் கேட்டு இளிக்கிறவர்கள் அநேகமாக இல்லாமல் போனார்கள்.

ஒன்றுதான் பாக்கி. அதன் பெயர் மோ, புல் வெட்டு என்று அர்த்தம். எழுதியவன் லிண்ட்ஸி டோல்ஹர்ஸ்ட்.

லிண்ட்ஸி கெட்டிக்காரன், அதை மறுக்க மாட்டேன். இயந்திரம் படுத்தால் எழுப்பத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை. ரிஸ்தானா நாற்காலியை இழுத்துப் போட்டதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

"பன்னிரண்டே வரி, ரிஸ்தானா. பிரிண்ட் எடுத்துப் படிச்சுக்கோ. எனக்கு நெசமான வேலை இருக்கு."

"எழுதினது நீ. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."

"பேர்லயே இருக்கே! புல்லு வெட்டினா என்ன ஆகும்னு உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"எங்க ஊர்ல புல்லை ஆடு தின்னும். உன் கட்டளை என்னத்தைத் தின்னும்?"

அறையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் இதே கதைதான். நான்காவது தடவை போகவில்லை. மறுநாள் வாட்-இஸ் மோ என்று கேட்டவர்களுக்கு இந்த வரி வந்தது: 'மோ - என்ன செய்யும் என்று தெரியாது; எழுதியவர் சொல்லவில்லை; ஓட்ட வேண்டாம்.'

மத்தியானத்துக்குள் யாரோ அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து லிண்ட்ஸியின் கதவில் ஒட்டிவிட்டார்கள். அச்சு இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. லிண்ட்ஸி கதவைக் கிழிக்காத குறையாகத் தாளைக் கிழித்துக்கொண்டு டீக்கின் அறைக்குப் போனான். "நானூறு பேருக்கு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டா! ஒரு டைப்பிஸ்ட்! அவ இருந்தா நான் இருக்க மாட்டேன், பாத்துக்கோ ஆல்வின்" என்று அவன் கத்தியது தேநீர் அறை வரைக்கும் கேட்டது. சிட்னியில் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்குக்கு வியர்த்திருக்கும்.

திங்கட்கிழமை ரிஸ்தானாவைக் கூப்பிட்டார். அவளே வந்து என்னிடம் சொன்னாள். குழுவுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் மேசையில் இருந்ததாம். வெள்ளிக்கிழமை பகலுக்குள் அந்த வரியை மாற்றினால் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். மாற்றாவிட்டால் டிசம்பரோடு சரி.

"பராமரிப்புக் கட்டளைன்னு போடச் சொன்னார்" என்றாள். "அது எதைப் பராமரிக்கும்னு கேட்டேன். அவருக்கும் தெரியல."

"எழுதித் தொலையேன்! ரெண்டு வார்த்தை. வீட்ல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான், அதை நெனச்சுப் பாரு."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த கோபம்தான், ஆனாலும் சொன்னது முட்டாள்தனம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நெவில், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒரு வரி எழுதிட்டா, மத்த முந்நூத்திப் பதினோரு வரியையும் எவன் நம்புவான்? நீ நம்புவியா?"

"கோலே என்ன சொல்றான்?"

"சூளையில ஒரு மீட்டர் தப்பாக் காட்டினா, அதுமேல காகிதம் ஒட்டி 'நம்பாதே'ன்னு எழுதுவாங்களாம். எழுதினவனை வீட்டுக்கு அனுப்பின கதையை அவன் கேட்டதே இல்லையாம்."

நான் எழுந்து டேப் மாட்டப் போனேன்.

வியாழக்கிழமை காலை லிண்ட்ஸி லீவு போட்டுவிட்டு அலைச்சறுக்குப் பலகையோடு கடலுக்குப் போய்விட்டான். அது ஆய்வேடு கொடுக்கும் கடைசி வாரம். நானூறு பேரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டும் அச்சடித்துக்கொண்டும் இருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. யாராலும் ஒரு வரிகூடச் சேமிக்க முடியவில்லை. தொலைபேசி ஓயாமல் அடித்தது. நடைபாதையில் ஒரு பெண் நின்று அழுதேவிட்டாள்.

டீக் தானே வந்து தலைமைத் திரையின் முன் உட்கார்ந்தார். எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில் நுழைந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"லிண்ட்ஸி இந்த மாதிரி நேரத்துல மோ-வைத்தான் ஓட்டுவான். நான் பாத்திருக்கேன். இடம் காலியாயிடும்" என்றார்.

சொல்லிக்கொண்டே அவர் விரல்கள் தட்டியது மோ-வை இல்லை, வாட்-இஸ் மோ என்று. பத்து மாதத்தில் அவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. திரையில் அவளுடைய வரி வந்து நின்றது. என்ன செய்யும் என்று தெரியாது, எழுதியவர் சொல்லவில்லை, ஓட்ட வேண்டாம்.

"சே" என்றார் டீக். விரலை விசைப்பலகைக்கு மேலேயே வைத்துக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருந்தார். முடிவெடுக்கப் பயப்படுகிற குணத்துக்காக அவரை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அதையும் மன்னித்தேன். "ரிஸ்தானாவைக் கூப்பிடு. அலைச்சறுக்குக் கிளப்புக்கும் போன் போடு."

ஈரம் சொட்டச் சொட்ட லிண்ட்ஸி போனுக்கு வர ஏழு நிமிடம் ஆயிற்று. டீக் கேட்டார், அவன் சொன்னான். கடல் இரைச்சலோடு அவன் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் ரிஸ்தானாவுக்கும் கேட்டது.

"ஓட்டு ஆல்வின், ஓட்டு! பழைய குப்பையை அள்ளிப் போட்டுடும். இதுக்கா என்னைத் தண்ணியிலேருந்து இழுத்தே?"

ரிஸ்தானா கையை நீட்டினாள். டீக் ரிசீவரைக் கொடுத்தார்.

"லிண்ட்ஸி, எது போகும்?"

"ஐயோ, நீயா? முப்பது நாளாத் தொடாத ஃபைல் போகும். போதுமா?"

"தொடாததுன்னா? எழுதாததா, படிக்காததா?"

"எழுதாதது. இல்ல... இரு. படிக்காதது. படிக்காததுதான்."

"எந்த இடத்துல இருக்கிற ஃபைல்?"

"தற்காலிக ஃபைல் போடற குப்பை டிஸ்க்ல இருக்கிறது. வேற எது?"

"அந்த இடத்தை மோ-வே தேடிப் போகுமா? இல்ல, நீ அங்க போய் நின்னுக்கிட்டு ஓட்டுவியா?"

ரிசீவரில் கடற்காகம் ஒன்று கத்தியது. ரிஸ்தானா காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"ரிஸ்தானா," லிண்ட்ஸியின் குரல் மாறியிருந்தது, "ஆல்வின் இப்ப எங்க நிக்கிறான்?"

அவள் திரையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதிகாரக் கணக்கில் நுழைகிறவன் வேறெங்கும் போகாவிட்டால் உச்சியில், எல்லாருடைய எல்லா ஃபைல்களுக்கும் மேலே நிற்பான். டீக் அங்கேதான் நின்றார்.

"உச்சியில."

"தொடாதீங்க. எதையும் தொடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

காலெல்லாம் மணலோடு வந்து சேர்ந்தான். தன்னுடைய அந்தப் பன்னிரண்டு வரியை அச்செடுத்துப் படித்தான். முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மோ எந்த இடத்தையும் தேடிப் போவதில்லை. நிற்கிற இடத்திலிருந்து கீழே இருக்கிற அத்தனையிலும் முப்பது நாளாக யாரும் படிக்காததைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். லிண்ட்ஸி எப்போதும் முதலில் குப்பை டிஸ்க்குக்குப் போய் நின்றுகொண்டுதான் அதை ஓட்டுவான். அது அவன் விரல்களின் பழக்கம். எழுதி எட்டு மாதம் ஆனதில், அந்த ஜாக்கிரதை தன்னுடையது என்பதே மறந்து, கட்டளையின் குணம் என்று அவன் மனதில் பதிந்துபோயிருந்தது.

டேப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அத்தனையையும் திரும்ப ஏற்ற நாலு நாள் ஆகும், ஆய்வேட்டுக்கு மிச்சம் இருந்தது இரண்டு நாள். அதிலும் எத்தனை டேப் ஒழுங்காகப் படிக்கும் என்பது எனக்குத்தான் தெரியும்.

லிண்ட்ஸி எழுந்து குப்பை டிஸ்க்குக்குப் போய் நின்று மோ-வை ஓட்டினான். இரண்டு நிமிடத்தில் இடம் கிடைத்தது. நடைபாதையில் அழுத பெண் மூக்கைச் சிந்திவிட்டு எழுதப் போனாள். பிறகு அவன் ரிஸ்தானாவின் மேசைக்குப் போனான். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டவன் அவன்.

"கேளு" என்றான்.

மூன்று கேள்விக்கும் பதில் சொன்னான். அவள் அட்டையில் எழுதினாள். போகிற போக்கில் அவன் கட்டளையையே திருத்தி, குப்பை டிஸ்க்கைத் தவிர வேறெங்கு நின்றாலும் ஓட மறுக்கும்படி செய்தான். "அப்ப இந்த வரி இப்ப பொய்யாயிடுச்சு" என்று அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவனை மறுபடி உட்கார வைத்தாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியை லிண்ட்ஸி எழுந்து நின்று வாசித்தான். நான் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னேன். இருந்தாலும் இரண்டு பெட்டி லாமிங்டனை அவன் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். அவன்மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு டீக் அவளைக் கூப்பிட்டார். தாள் பெட்டியோடு அந்தக் கதவுப் பக்கம் எனக்கு ஏதோ வேலை இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவளும் கீழே கையெழுத்துப் போட்டால் அன்றே குழுவுக்குப் போய்விடும், வேலை நிரந்தரம். ரிஸ்தானா நின்றுகொண்டே அதைப் படித்தாள். படித்துவிட்டு மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"இது தப்பு, ஆல்வின்."

"என்ன தப்பு? நீ கேட்ட சம்பளம்தானே போட்டிருக்கேன்?"

"தட்டச்சர்னு போட்டிருக்கு."

"அது ஃபாரத்துல இருக்கிற ஒரு சொல்லு. குழு பழைய பதவின்னா கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்கும். புதுசா ஒண்ணைப் போட்டா கேள்வி கேப்பாங்க, இழுப்பாங்க, இல்லைன்னுகூடச் சொல்லலாம். கையெழுத்தைப் போடும்மா."

வெளியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போடு, போடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு அப்புறம் ஒருத்தர் இந்தக் காகிதத்தை எடுத்துப் படிப்பார்" என்றாள். "இங்க தட்டச்சு செய்ய ஒரு ஆள் போதும்னு நெனப்பார். எவன்கிட்டயும் போய் எதையும் கேக்க வேண்டியதில்லைன்னு நெனப்பார். அப்புறம் நேத்து மாதிரி ஒரு வியாழக்கிழமை வரும். உங்க இடத்துல வேற ஒருத்தர் உக்காந்திருப்பார்."

டீக் அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினார். "என்ன போடணும்?"

"கையேட்டு எழுத்தாளர்."

இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அவள் உதவிக்குப் போகவில்லை.

குழு கேள்வி கேட்டது, இழுக்கவும் செய்தது. பதினெட்டு நாள். அத்தனை நாளும் அவள் எட்டு மணிக்கு வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யார் பக்கத்திலாவது போய் உட்கார்ந்தாள். நான்தான் சோறு இறங்காமல் திரிந்தேன். லிண்ட்ஸி குழுவின் முன் போய் நின்று, எட்டு மாதத்தில் தான் மறந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தான். அவனை மாதிரி ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை. மிச்சக் கோபத்தையும் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒப்புதல் வந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்து, பேனாவைத் திறந்து, முழுப் பெயரையும் எழுதினாள். என் மேசையில் இருந்த தொலைபேசியில் கோலேயைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்தப் பக்கம் அந்தச் சூளைக்காரன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே எழுதிக் கிழித்த மாதிரி.

"வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள் ரிஸ்தானா. "என்ன வேலைன்னு சொன்னேன்."